ஒரே பெயர், வேறு வேறு கேம்: சைபர்பங்க் 2077 வெளியீடு பற்றிய நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றிய பதிவு

2020 டிசம்பர் 10 அன்று சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் வெளிவந்தது. அன்றைக்கே கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரே நேரத்தில் 10 லட்சம் பேருக்கு மேல் அதை விளையாடிக்கொண்டிருந்தார்கள். தனியாக உட்கார்ந்து ஆடும் கேம் ஒன்றுக்கு அதுவரை அங்கே அப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை. ஒரு வாரம்தான் கழிந்தது. சோனி நிறுவனம் அதே கேமைத் தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது.

அந்த நாட்களில் வந்த செய்திகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட சொல், "கலவையான வரவேற்பு". இந்தச் சொல்தான் விஷயத்தைப் புரிந்துகொள்ள விடாமல் செய்தது என்று நினைக்கிறேன். கலவையான வரவேற்பு என்றால் ஒரே பந்தியில் ஒரே சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு ஒருவர் உப்பு சரி என்கிறார், இன்னொருவர் கம்மி என்கிறார் என்று பொருள். இங்கே இலையில் விழுந்ததே ஆளுக்கு ஒன்று. பாராட்டியவர்களும் பொய் சொல்லவில்லை, திட்டியவர்களும் பொய் சொல்லவில்லை. இரு தரப்பும் வாங்கிய பெட்டியின் மேல் ஒரே பெயர் அச்சாகியிருந்தது, அவ்வளவுதான்.

கேம் செய்பவர்கள், சோதிப்பவர்கள், விமர்சனம் எழுதுபவர்கள், பணம் கொடுத்து வாங்குபவர்கள் எல்லாருக்கும் இதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. பொறுப்பில் இருந்தவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. எந்த முடிவு எப்போது எடுக்கப்பட்டது, அதிலிருந்து என்ன விளைந்தது என்பதுதான் முக்கியம்.

பின்னணி

கேமைச் செய்தது போலந்தின் வார்சாவில் இருக்கும் சிடி ப்ராஜெக்ட் ரெட். 2015 மே மாதம் வந்த விட்சர் 3 என்ற கேம் அவர்களுக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்திருந்தது. அதில் வழியில் எதிர்ப்படும் சின்னக் கிராமத்துக் கதையைக்கூட அக்கறையோடு எழுதியிருந்தார்கள். வெளிவந்த பிறகும் இலவசமாகப் பல சேர்க்கைகளைக் கொடுத்தார்கள். அதனால் "இவர்கள் செய்தால் சரியாகத்தான் இருக்கும்" என்ற நம்பிக்கை மக்களிடம் ஊறிப்போயிருந்தது. பின்னால் வந்த கோபத்தின் அளவைப் புரிந்துகொள்ள இந்த நம்பிக்கையின் அளவு தெரிந்திருக்க வேண்டும். யாரோ முகம் தெரியாத நிறுவனம் ஏமாற்றியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

சைபர்பங்கை 2012 மே மாதமே அறிவித்துவிட்டார்கள். அப்போது சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கன்சோல், அதாவது டிவியில் இணைத்துக் கேம் ஆடும் பெட்டி, கடைக்கே வரவில்லை. அது வந்தது 2013 நவம்பரில். ஆனால் நிறுவனத்தின் கவனமெல்லாம் பல வருடங்கள் விட்சர் 3 மேலேயே இருந்தது. அதன் இரண்டாவது விரிவாக்கம் (கேமோடு சேர்த்து ஆடும் கூடுதல் கதை) 2016-இல் வெளிவந்த பிறகுதான் சைபர்பங்க் வேலை முழு வேகம் எடுத்தது. ஆக கேம் முடிந்து கைக்கு வந்தபோது பிஎஸ்4-க்கு ஏழு வயதாகியிருந்தது. அதற்குள் இருந்தது சுழலும் வட்டு (ஹார்ட் டிஸ்க்). மொத்த நினைவகம் 8 ஜிபி. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த சிக்கலில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

2018 ஜூனில் இ3 கேம் கண்காட்சியில் ட்ரெய்லர் வந்தது. ஆகஸ்டில் 48 நிமிடத்துக்கு ஒரு நீண்ட காட்சிப் பதிவு. 2019 ஜூனில் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடைக்கு வந்து 2020 ஏப்ரல் 16 என்று தேதி சொன்னார். அந்தத் தேதி முதலில் செப்டம்பர் 17-க்கும், அப்புறம் நவம்பர் 19-க்கும் தள்ளிப்போனது.

வெளியீட்டுக்கு முன் எடுத்த முடிவுகள்

அக்டோபர் தொடக்கத்தில் கேம் "கோல்டு" ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். வட்டுகள் அச்சுக்குப் போகத் தயார் என்று பொருள். இனித் தேதி மாறாது என்று எல்லாரும் மூச்சு விட்டார்கள். அக்டோபர் 27 அன்று மூன்றாவது முறையாக, 21 நாள் தள்ளிவைத்தார்கள். சொன்ன காரணம்: பிசி, பழைய கன்சோல்கள் (பிஎஸ்4, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன்), அவற்றின் மேம்பட்ட வகைகள், புதிய கன்சோல்களில் ஓடும் பதிப்புகள், இணையம் வழியே ஆடும் ஸ்டேடியா என்று மொத்தம் 9 பதிப்புகளை ஒரே நேரத்தில் தயார் செய்ய வேண்டியிருக்கிறது, அதுவும் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் காலத்தில்.

அந்த அறிவிப்பை இன்று திரும்பப் படித்தால் செய்தி அதிலேயே இருந்தது தெரிகிறது. 9 பதிப்புகளும் ஒரே தரத்தில் இல்லை என்பதைத்தான் அது வேறு வார்த்தையில் சொன்னது. அன்று அதை யாரும் அப்படிப் படிக்கவில்லை.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் ஊழியர்கள் வாரத்துக்கு ஆறு நாள் வேலை பார்த்தார்கள். கட்டாய மிகைநேர வேலை இருக்காது என்று முன்பு சொல்லியிருந்த நிறுவனம் அது. நவம்பர் இறுதியில் முதலீட்டாளர்களோடு நடந்த உரையாடலில் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஒருவர், இவ்வளவு பெரிய உலகம் கொண்ட கேம் பழைய கன்சோல்களில் வியக்கும்படி நன்றாக ஓடுகிறது என்ற பொருளில் பேசினார். அது டிசம்பர் 10-க்கு இரண்டே வாரம் முன்பு.

இந்த நிகழ்வின் மையமான முடிவு அதற்கு அடுத்து வந்தது. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும். முதல் விமர்சனங்கள் வரும்வரை பழைய கன்சோல் பதிப்பு அவர்கள் கைக்குப் போகவே இல்லை. முதல் விமர்சனங்களில் அவர்கள் தாங்களே பதிவுசெய்த காட்சிகளைக் காட்டவும் அனுமதி இல்லை, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டும். டிசம்பர் 7 அன்று விமர்சனங்கள் வந்தன. சராசரி மதிப்பெண் நூற்றுக்கு 90-ஐ ஒட்டி நின்றது. பிழைகள் நிறைய இருக்கின்றன என்று பலர் அப்போதே எழுதினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வாங்கப் போகிறவர் கண்ணில் பட்டது அந்த 90-தான்.

முன்பதிவு மட்டும் 80 லட்சம் பிரதிகள். அதில் 59 சதவீதம் பிசி, மீதி 41 சதவீதம் கன்சோல். பிஎஸ்5-உம் புதிய எக்ஸ்பாக்ஸும் அந்த நவம்பரில்தான் கடைக்கு வந்திருந்தன, தேடினாலும் கிடைக்காத நிலை. அதனால் அந்த 41 சதவீதத்தில் பெரும்பகுதி எந்தப் பெட்டியில் கேமைப் போட்டு ஓட்டப்போகிறது என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை.

முதல் வாரத்தில் கண்டது

நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வைத்திருந்த பிசிக்காரர் கண்டது ஒரு நகரத்தை. நைட் சிட்டி என்ற அந்த ஊரில் மழை பெய்து முடிந்த தெருவில் விளம்பரப் பலகைகளின் வெளிச்சம் தேங்கிய தண்ணீரில் கலங்கித் தெரியும். தலையை நிமிர்த்தினால் கட்டடங்கள் முடிவே இல்லாமல் மேலே போகும். ஜாக்கி என்ற நண்பனோடு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து பேசும் காட்சியில் அவன் கை, கண், உதட்டோர அசைவு எல்லாம் பக்கத்தில் ஆள் இருப்பது போலவே இருக்கும். ஜூடி, பனாம் போன்ற பாத்திரங்களின் பக்கக் கதைகளில் மனம் ஒட்டிப்போய்ப் பலர் மணிக்கணக்காக ஆடினார்கள். பிழைகள் அங்கேயும் இருந்தன. கையை இரண்டு பக்கமும் நீட்டியபடி சிலை மாதிரி நிற்கும் ஆட்கள், காற்றில் மிதக்கும் சிகரெட். பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாதாரண பிஎஸ்4 வைத்திருந்தவர் கண்டது வேறு. காரை எடுத்து வேகமாகத் திருப்பினால் முன்னால் சாலை மட்டும் இருக்கும், இருபுறமும் களிமண்ணில் பிடித்து வைத்தது போல மொழுமொழுவென்று கட்டிகள். காரை நிறுத்திச் சில நொடி காத்திருந்தால் அந்தக் கட்டிகள் மேல் ஜன்னல், பலகை, படிக்கட்டு என்று ஒவ்வொன்றாக ஏறும். எதிரே வரும் மனிதர்களின் முகம் மெழுகு உருகியது போல இருக்கும், கிட்டே போன பிறகுதான் கண் மூக்கு தெளியும். நொடிக்கு 30 ஃபிரேம் (படச்சட்டம்) ஓட வேண்டிய இடத்தில், சண்டை சூடுபிடித்தால் 20-க்கும் கீழே இறங்கும். அப்படி இறங்கும்போது துப்பாக்கியைக் குறிவைப்பது சேற்றில் கையை இழுப்பது போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் கேம் மொத்தமாக நின்று, "சிஇ-34878-0" என்ற எண்ணோடு பிழைச் செய்தி திரையில் வரும். கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பலருக்கு இது ஒரே மாலையில் பல தடவை நடந்தது.

காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஒரு பெரிய நகரத்தை மொத்தமாக நினைவகத்தில் வைக்க முடியாது. நீங்கள் நகர நகர, முன்னால் வரும் தெருவை வட்டிலிருந்து எடுத்துக்கொடுத்து, பின்னால் போன தெருவை இறக்கிவிட வேண்டும். நைட் சிட்டியில் ஒவ்வொரு மூலையிலும் அவ்வளவு பொருள், அவ்வளவு ஆட்கள். ஏழு வருடம் பழைய சுழலும் வட்டு அந்த வேகத்துக்கு எடுத்துக்கொடுக்க முடியாமல் திணறியது. அடுப்பு எரிகிறது, ஆனால் அரிசி வந்து சேரவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் அதே வாரத்தில். கேமில் வரும் ஓர் ஒளிச்சிமிட்டல் காட்சியால் தனக்கு வலிப்பு வந்ததாக ஒரு விமர்சகர் எழுதினார். சில நாளில் அந்தக் காட்சியை மாற்றினார்கள், எச்சரிக்கையும் சேர்த்தார்கள். பிசியில் சேமிப்புக் கோப்பு 8 எம்பி அளவைத் தாண்டினால் கெட்டுப்போய்விடும் என்பது வெளியே வந்தது, டிசம்பர் 23-இல் வந்த பேட்ச் (திருத்தத் தொகுப்பு) அதைச் சரிசெய்தது.

புகார்களைப் பிரித்துப் பார்த்தால்

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது ஒரே கூச்சலாகக் கேட்டது. உட்கார்ந்து பிரித்தால் மூன்று தனித்தனிப் புகார்கள் இருந்தன. மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, "என் கன்சோலில் ஓடவில்லை." இதற்குக் கருத்து வேறுபாடு என்று பெயர் வைக்க முடியாது, வாங்கிய பொருள் பழுது. பிசி பதிப்பின் விமர்சன சராசரி பின்னால் 80களின் நடுவில் நின்றது, பிஎஸ்4 பதிப்பின் சராசரி 50களுக்கு இறங்கியது. இந்த இரண்டு எண்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வரும் எண் எந்த மனிதரின் அனுபவத்தையும் சொல்லாது.

இரண்டாவது, "சொன்னது எங்கே?" இது பிசிக்காரர்களிடமிருந்தும் வந்தது. 2018 ட்ரெய்லர் கதாநாயகன் மெட்ரோ ரயிலில் உட்கார்ந்திருப்பதில்தான் தொடங்கும். வெளிவந்த கேமில் ரயில் நிலையங்கள் உண்டு, ரயில் இல்லை. நிலையத்துக்குப் போய் நின்றால் வரைபடம் திறக்கும், போக வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த நொடி அங்கே நிற்பீர்கள். உயிருள்ள நகரம் என்று சொல்லப்பட்ட ஊரில் கூரை மேல் தனியாக நின்று ஒரு தவறு செய்தால் போலீஸ்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வெறும் காற்றிலிருந்து முளைத்தார்கள். கீழே இறங்கிக் கார் எடுத்தால் துரத்தி வரத் தெரியாது. சாலையில் குறுக்கே ஒரு காரை நிறுத்திவைத்தால் பின்னால் வரும் கார்கள் சுற்றிப் போகத் தெரியாமல் வரிசையாக நின்றுவிடும்.

மூன்றாவது கொஞ்சம் ஆழமானது, அதிகம் பேசப்படாததும்கூட. நாடோடி, தெருப்பிள்ளை, கார்ப்பரேட் ஊழியர் என்று மூன்று பிறப்பிடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் கேமைத் தொடங்க வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் மூன்று வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிடும். அங்கே ஜாக்கியோடு கழித்த மாதங்களைச் சில நிமிட வெட்டுக்காட்சியாக (ஆடாமல் பார்க்க மட்டும் முடிகிற காட்சியாக) ஓட்டிக் காட்டிவிடுவார்கள். ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாகவே வாழ்ந்து பார்க்கும் வகைக் கேம், ஆடுகிறவர் தேடி வருவது அந்த மாதங்களைத்தான். தானே வாழ்ந்து பார்க்க வேண்டிய நட்பை ஆல்பம் புரட்டுவது போலக் காட்டிவிட்டார்கள் என்ற வருத்தம் நியாயமானது. பிழை எதுவும் இல்லாத கணினியில் ஆடினாலும் இந்த வருத்தம் இருக்கும். ஏனென்றால் இது எழுத்திலேயே எடுத்த முடிவு.

நல்ல கேம் என்று சொன்னவருக்கு முதல் புகார் இல்லை, இரண்டாவதைப் பொறுத்துக்கொண்டார், மூன்றாவது அவருக்குப் பொருட்டில்லை. மோசம் என்றவருக்கு மூன்றும் சேர்ந்து வந்தது. இருவரும் ஒருவரையொருவர் விலைபோனவர் என்றும் வெறுப்பாளர் என்றும் திட்டிக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்குத் தேவையே இல்லை.

டிசம்பர் 14 முதல் 18 வரை

டிசம்பர் 14 அன்று நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பழைய கன்சோல்களில் கேம் எப்படி ஓடுகிறது என்பதை வெளியீட்டுக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. பிடிக்காதவர்கள் வாங்கிய இடத்திலேயே பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்றும், அங்கே முடியவில்லை என்றால் டிசம்பர் 21-க்குள் தங்களுக்கு மின்னஞ்சல் எழுதலாம் என்றும் சொன்னது. அதே நாள் முதலீட்டாளர்களிடம், பழைய கன்சோல்களுக்கு இன்னும் நேரம் வேண்டும் என்ற அறிகுறிகளைத் தாங்கள் புறக்கணித்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டார்கள்.

நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவுதான். ஆனால் கடைக்காரரைக் கேட்காமல் கடை வாசலில் அறிவிப்பு ஒட்டியது போல ஆகிவிட்டது. சோனியோடும் மைக்ரோசாஃப்டோடும் இதற்காகத் தனி ஏற்பாடு எதுவும் செய்திருக்கவில்லை. நம்பிப் போய்ப் பணம் கேட்டவர்களில் பலரைக் கடையின் வழக்கமான விதியைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். டிஜிட்டலாக வாங்கித் தரவிறக்கி ஆடத் தொடங்கிவிட்டால் திருப்பித் தர முடியாது என்பது பிளேஸ்டேஷன் கடையின் அப்போதைய விதி. ஏற்கெனவே ஏமாந்தவர் இரண்டாவது முறை அலைக்கழிந்தார். அந்த இரண்டு மூன்று நாளில்தான் கோபம் கேமின் மேலிருந்து நிறுவனத்தின் மேல் முழுதாகத் திரும்பியது என்பது என் கணிப்பு.

17-ஆம் தேதி இரவு சோனி முடிவெடுத்தது: கேட்ட எல்லாருக்கும் பணம், கடையில் கேம் இனி இல்லை. மைக்ரோசாஃப்ட் கேமை விற்பனையில் வைத்துக்கொண்டே பணம் திரும்பத் தரும் விதியைத் தளர்த்தியது. டிசம்பர் தொடக்கத்தில் உச்சத்தில் இருந்த பங்கு விலை, மாதம் முடிவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள், அது பின்னால் 18.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. போலந்தின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகமும் திருத்தங்கள் ஒழுங்காக வருகின்றனவா என்று கண்காணிக்கத் தொடங்கியது.

இவ்வளவுக்கும் 2020-இல் விற்றவை 1 கோடியே 37 லட்சம் பிரதிகள். நிறுவனம் நேரடியாகப் பணம் திருப்பிக் கொடுத்தது சுமார் 30,000 பிரதிகளுக்கு. கடைகள் மூலம் திரும்பியவை தனி. கோபப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் கேமைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் காத்திருந்தார்கள்.

திருத்தம், பிறகு மறுவேலை

2021 ஜனவரி 13 அன்று இணை நிறுவனர்களில் ஒருவர் காணொளியில் பேசினார். பிசியில் பிரமாண்டமாகச் செய்துவிட்டு அப்புறம் கன்சோலுக்கு இறக்கிக்கொள்ளலாம் என்று தொடங்கியதாகவும், அது முதலில் கடினமாகத் தெரியவில்லை என்றும் சொன்னார். நகரத்தை வட்டிலிருந்து எடுத்துக்கொடுக்கும் அமைப்புதான் பழைய கன்சோல்களில் சிக்கலின் மையம் என்று விளக்கினார். வெளியிடும் முடிவை எடுத்தது தலைமைதான், குழுக்களைக் குறை சொல்லாதீர்கள் என்றார். மக்கள் சந்தித்த பிழைகளில் பெரும்பகுதி தங்கள் சோதனையில் தென்படவே இல்லை என்ற பகுதியைப் பலர் ஏற்கவில்லை. கேமைத் திறந்த முதல் மணி நேரத்திலேயே அவர்கள் கண்ணுக்குத் தென்பட்டதாயிற்றே.

அடுத்த அடி வெளியிலிருந்து வந்தது. பிப்ரவரியில் நிறுவனத்தின் கணினிகளில் ஊடுருவி மூல நிரல்களைத் திருடிவிட்டார்கள். அதனால் 1.2 பேட்ச் மார்ச் கடைசிவரை தள்ளிப்போனது. அதில் சுமார் 500 திருத்தங்கள். ஜூன் 21 அன்று கேம் பிளேஸ்டேஷன் கடைக்குத் திரும்பியது, சாதாரண பிஎஸ்4-இல் இன்னும் தொந்தரவு வரலாம் என்ற எச்சரிக்கையோடு.

இதுவரை நடந்தது முதல் புகாருக்கான மருந்து. 2022 பிப்ரவரி 15-இல் வந்த 1.5 பேட்சிலிருந்து திசை மாறியது. புதிய கன்சோல்களுக்கென்றே செய்த பதிப்பு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசம். வாங்காதவர்கள் 5 மணி நேரம் சும்மா ஆடிப் பார்க்கலாம். இந்த 5 மணி நேரத்தை நான் இந்த முழுக் கதையிலும் மிக நேர்மையான முடிவாகப் பார்க்கிறேன். 2020-இல் பார்க்க விடாமல் வைத்திருந்ததை இப்போது "நீயே உன் கன்சோலில் ஓட்டிப் பார், அப்புறம் பணம் கொடு" என்று திறந்துவிட்டார்கள்.

அந்த செப்டம்பரில் 1.6 பேட்சும் நெட்ஃபிளிக்ஸில் இதே நகரத்தை வைத்து ஒரு அனிமே தொடரும் அடுத்தடுத்து வந்தன. தொடர் பார்த்துவிட்டு வந்தவர்களும் பழையவர்களுமாக நாளொன்றுக்கு 10 லட்சம் பேர் மறுபடி ஆடினார்கள். 2023 செப்டம்பர் 21 அன்று 2.0 வந்தது. திறன்களின் அமைப்பை அடியோடு மாற்றி எழுதியிருந்தார்கள். போலீஸ் இப்போது காரில் துரத்தி வந்தது. ஐந்து நாள் கழித்து வந்த ஃபேண்டம் லிபர்ட்டி விரிவாக்கம் முதல் வாரத்திலேயே 30 லட்சம் விற்றது. அந்த டிசம்பரில் உலகின் பெரிய கேம் விருது விழாவில் "தொடர்ந்து பராமரிக்கப்படும் சிறந்த கேம்" விருது இதற்குக் கிடைத்தது.

அதே டிசம்பரில் வந்த 2.1 பேட்சில் ரயில் வந்தது. அதில் ஏறினால் தாக்க யாரும் இல்லை, செய்ய வேலையும் இல்லை. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு வெளியே நகரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு அடுத்த நிலையம்வரை போகலாம், அவ்வளவுதான். ஐந்தரை வருடம் முன்பு ட்ரெய்லரில் காட்டிய அந்தச் சில நொடிகளுக்காக மக்கள் ஏறி, இறங்காமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். விற்பனைக் கணக்கில் ஒரு பைசா கூட்டாத வேலை அது. இரண்டாவது புகாரை அவர்கள் உண்மையிலேயே காதில் வாங்கினார்கள் என்பதற்கு எனக்கு இந்த ரயில்தான் சாட்சி.

மூன்றாவது புகார் அப்படியேதான் இருக்கிறது. ஜாக்கியோடு கழித்த அந்த மாதங்கள் இன்றும் சில நிமிட வெட்டுக்காட்சிதான். குரல் பதிவு, நடிப்பு, கதைக் கிளைகள் எல்லாவற்றையும் திரும்பச் செய்தால் ஒழிய மாறாது. எந்த பேட்சும் அங்கே எட்டாது.

எதை மாற்றியிருக்க வேண்டும்

பழைய கன்சோல் பதிப்பைத் தனியாகத் தள்ளிவைத்திருக்கலாம். 9 பதிப்புகள் ஒரே நாளில் வர வேண்டும் என்பது சட்டம் இல்லை. பிசியில் ஆடியவர்கள் டிசம்பரில் ஆடியிருப்பார்கள், மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்திருப்பார்கள். முணுமுணுப்பு வேறு, ஏமாற்றம் வேறு. முன்பதிவுப் பணமும் பண்டிகைக் காலமும் மூன்று முறை தேதி மாறிய வெட்கமும் சேர்ந்து அழுத்தின என்பது புரிகிறது. ஆனாலும் இந்த வழி கைக்கு எட்டாத வழி இல்லை.

விமர்சகர்களின் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. பிசி மட்டும்தான் கொடுத்தார்கள் என்றால், "நான் பார்த்தது பிசி, கன்சோலுக்கு இந்த மதிப்பெண் பொருந்தாது" என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே பெரிதாக எழுதியிருக்க வேண்டும். கட்டுரைக்குள் எங்கோ ஒரு வரியில் அதைச் சொன்னால் போதாது. எந்தக் கருவியில் ஆடிப் பார்த்தது என்று சொல்லாத மதிப்பெண் வாங்குகிறவருக்கு உதவாது. சொந்தக் காட்சிகளைக் காட்டக்கூடாது என்ற நிபந்தனையே வாசகருக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி.

பணம் திரும்பத் தருவதைப் பற்றி அறிவிப்பதற்கு முன், பணத்தைக் கையில் வைத்திருப்பவரோடு பேசி முடித்திருக்க வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

நிறுவனம் தானே சில மாற்றங்களை அறிவித்தது. விளம்பரத்தை வெளியீட்டுக்கு நெருக்கத்தில், குறைந்த காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்று 2021-இல் சொன்னார்கள். ஃபேண்டம் லிபர்ட்டியை அறிவித்து ஒரே வருடத்தில் வெளியிட்டார்கள். 2022 மார்ச்சில், இத்தனை வருடம் தாங்களே கட்டிவந்த எஞ்சினை (கேமை இயக்கும் அடித்தள மென்பொருளை) விட்டுவிட்டு அன்ரியல் எஞ்சினுக்கு மாறுவதாக அறிவித்தார்கள். எட்டு வருடம் ட்ரெய்லர் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவரும் மனதுக்குள் தனக்கென்று ஒரு கேமைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், எந்த கேமும் அதோடு போட்டி போட முடியாது. அதனால் விளம்பரக் காலத்தைக் குறைத்ததுதான் இவற்றில் முக்கியமானது என்பது என் கருத்து.

இன்றைய நிலை

2025 நவம்பரில் மொத்த விற்பனை 3.5 கோடியைத் தாண்டியது. அந்த ஜூன் 5 அன்று, நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வெளியான நாளிலேயே அதற்கும் கேம் வந்துவிட்டது, விரிவாக்கத்தோடு. கையில் தூக்கிக்கொண்டு போகும் கருவியில் நைட் சிட்டி ஓடுகிறது. சுழலும் வட்டு அதில் இல்லை.

பிஎஸ்4-க்கும் பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் பெரிய பேட்ச் என்று கடைசியாகப் போனது 1.6. 2.0 அங்கே வரவில்லை, ஃபேண்டம் லிபர்ட்டி வரவில்லை, ரயிலும் வரவில்லை. அந்தக் கருவிகளால் தாங்க முடியாது என்ற முடிவு தொழில்நுட்பப்படி சரி. அதே முடிவை 2020-இல் எடுத்திருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். முதல் நாளில் முழு விலை கொடுத்து, சிஇ-34878-0 திரையைப் பார்த்துக்கொண்டு, பணத்தைத் திரும்பக் கேட்காமல் பொறுத்திருந்தவர்களில் கன்சோலை மாற்ற வசதி இல்லாதவர்களும் உண்டு. பேட்ச் வரும், சரியாகும் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வீட்டில் இருக்கும் நைட் சிட்டியில் நிலையத்துக்குப் போய் நின்றால் இன்றும் வரைபடம்தான் திறக்கிறது.